இடது பக்கத்துப் படம்

எங்கள் பெரியப்பாவுக்கு அலுவலகத்தில் பள்ளம் சார் என்று பெயர். முதுகுக்குப் பின்னால் சொல்லும் பெயர் அல்ல. நேருக்கு நேராகவே அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவரும் “என்னப்பா?” என்று திரும்பிப் பார்ப்பார்.

அவருக்கு வரைபட அலுவலகத்தில் வேலை. விமானம் ஒன்று நிலத்தின் மேல் நேர்கோட்டில் பறந்தபடி படம் எடுத்துக்கொண்டே போகும். ஒரே மலை அடுத்தடுத்த இரண்டு படங்களில் விழுந்திருக்கும், இம்மி வித்தியாசத்தோடு. அந்த இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மேலே ஒரு கருவியை நிறுத்திக் குனிந்து பார்க்க வேண்டும். இடக் கண்ணுக்கு இடது படம் மட்டும், வலக் கண்ணுக்கு வலது படம் மட்டும் தெரியும்படி அதில் கண்ணாடிகள் பொருத்தியிருக்கும். முதலில் இரண்டு படமும் ஒன்றன்மேல் ஒன்று நழுவிக்கொண்டு திரியும். பிறகு சட்டென்று ஒட்டிக்கொள்ளும். ஒட்டியதும் மலை தாளை விட்டு எழுந்து நிற்கும், ஓடை உள்ளே இறங்கும். அதைப் பார்த்தபடியே உயரக் கோடுகள் வரைய வேண்டும்.

சேர்ந்த புதிதில் ஒரு நாள் அவர் படங்களை இடம் வலம் மாற்றி வைத்துவிட்டார். மாற்றி வைத்தால் கண் மறுத்துப் பேசாது. மலையை அப்படியே குழியாக்கிக் காட்டும், பள்ளத்தாக்கைத் தூக்கி நிறுத்தும். பெரியப்பா தலை நிமிராமல் உட்கார்ந்து முழுத் தாளையும் வரைந்து முடித்தார். மேற்பார்வையாளர் அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “ஏம்பா, இந்த ஆறு மலை முதுகுல ஏறிப் போகுதே, அதுக்கு மூச்சு வாங்கலியா?” என்றாராம். அன்று ஒட்டிய பெயர்.

புதிதாக வருகிறவர்கள் முதல் வாரம் தலையைப் பிடித்துக்கொண்டுதான் வீட்டுக்குப் போவார்கள். ஒருவர் குப்பைக்கூடையைத் தேடி ஓடியதும் உண்டு. காரணத்தைப் பெரியப்பா இப்படிச் சொல்வார்: கிட்டத்தில் உள்ளதைப் பார்க்கும்போது இரண்டு கண்ணும் மூக்குப் பக்கம் சாயும், அதே வேளையில் உள்ளே இருக்கும் லென்ஸ் அந்தத் தூரத்துக்குத் தன்னைத் திருத்திக்கொள்ளும். பிறந்ததிலிருந்து இரண்டும் சோடி போட்டே நடந்து பழகியவை. படத்துக்குள் அந்தச் சோடியைப் பிரிக்கிறோம். சாய்வது ஒரு தூரத்துக்கு, தெளிவு தேடுவது இன்னொரு தூரத்துக்கு. கொஞ்ச நேரம் ஒத்துழைக்கும். அதற்கு மேல் முரண்டு பிடிக்கும். அதனால் அவர்கள் அலுவலகத்தில் ஒரு வழக்கம் இருந்தது. அவ்வப்போது எழுந்து ஜன்னல் பக்கம் போய்த் தூரத்துத் தண்ணீர்த் தொட்டியைச் சும்மா பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அதற்கு ‘மேய விடறது’ என்று பெயர். “சார் எங்கே?” என்று கேட்டால், “கண்ணை மேய விட்டிருக்கார், வந்துடுவார்” என்பார்கள்.

இத்தனை பாடுபடும் மனிதர் விடுமுறை நாளிலாவது கண்ணைச் சும்மா விட வேண்டுமே? விடமாட்டார். ஒரே மாதிரியான இரண்டு கேமராக்களை ஒரு பலகையில் பக்கத்தில் பக்கத்தில் திருகி, ஒரே அழுத்தத்தில் இரண்டும் சொடுக்கும்படி கம்பி இழுத்து வைத்திருந்தார். எடுத்த இரண்டு படங்களையும் அட்டையில் சேர்த்து ஒட்டுவார். பார்ப்பதற்குக் கையில் பிடிக்கும் மரக்கூடு ஒன்று, இரண்டு லென்ஸோடு. அதுவும் அவரே செய்தது. “ஆபீஸ்ல மலையைப் பாக்கறார், வீட்ல என்னைப் பாக்கறார். ரெண்டும் கொஞ்சம் குண்டுதான்” என்பார் பெரியம்மா.

ஞாயிறு சாயங்காலம் அவர்களுக்கு அட்டை பார்க்கும் நேரம். கல்யாணமான புதிதில் தொடங்கியது. முன்னறையில், தையல் மெஷினுக்குப் பக்கத்தில், இரண்டு நாற்காலி. பெரியம்மா கூட்டைக் கண்ணில் வைத்துக்கொள்வார், பெரியப்பா ஒவ்வொரு அட்டையாகச் சொருகுவார். அட்டைகள் தீரும்போது பெரியம்மாவின் நெற்றியில் ஈரத்துணி இருக்கும். அந்தத் தலைவலி ஞாயிறு தவறாமல் வந்தது.

பெரியப்பா அது தன் தவறு என்று எடுத்துக்கொண்டார். ஒரு படம் மற்றதைவிட மயிரிழை மேலே ஏறியிருந்தாலும் கண் அதைச் சரிக்கட்டப் பார்த்து நோகும் என்பது அவருக்குத் தெரியும். எல்லா அட்டைகளையும் ஈரப்படுத்திப் பிரித்து, அளவுகோல் வைத்து மறுபடி ஒட்டினார். வலி போகவில்லை. லென்ஸ்களுக்கு நடுவில் உள்ள தூரத்தைப் பெரியம்மாவின் கண்மணிகளுக்கு ஏற்ப மாற்றினார். போகவில்லை. கடைசியில் கேமராக்களுக்கு நடுவில் இருந்த இடைவெளியில் கை வைத்தார். அந்த இடைவெளி அகன்றால் ஆழம் கூடும், கண்ணுக்கு உழைப்பும் கூடும். எதிரே இருப்பதன் தூரத்தில் முப்பதில் ஒரு பங்கு விடலாம் என்பது இந்தப் பைத்தியம் பிடித்தவர்களின் பொதுக் கணக்கு. பெரியப்பா அதை நாற்பதில் ஒன்றாக்கினார். பிறகு அறுபதில் ஒன்று.

அதற்கு மேல் குறைக்கப் போனால் இரண்டு கேமராவும் இடித்துக்கொண்டன. எனவே ஒன்றைக் கழற்றி அலமாரியில் வைத்தார். மற்றதை ஒரு தண்டவாளப் பலகையில் பொருத்தி, ஒரு படம் எடுத்து, விரல் அகலம் நகர்த்தி, இன்னொரு படம் எடுத்தார். இதில் ஒரு சங்கடம். இரண்டு சொடுக்குக்கும் நடுவில் எதிரே இருப்பது அசையக்கூடாது. அவர்கள் மகளுக்கு, அதாவது எங்கள் அக்காவுக்கு, அப்போது துள்ளுகிற வயது. “நான் என்ன பொம்மையாப்பா?” என்று கேட்டுவிட்டு ஓடிவிட்டாள். பெரியப்பாவின் படங்களிலிருந்து ஓடுவது, குதிப்பது, பறப்பது எல்லாம் மெல்ல மறைந்தன. கெட்டில், காலணி, மடித்து வைத்த துணி, காலி நாற்காலி. அப்புறம் அசையாமல் உட்கார்ந்திருக்கும் பெரியம்மா.

நான் ஊர் ஊராகச் சுற்றித் திரும்பி, அவர்கள் மாடி அறையில் தங்கியிருந்த மாதங்களில்தான் இந்த அட்டைகளைச் சேர்த்து வைத்துப் பார்த்தேன். பழையவற்றில் சின்னப் பெண்ணாக அக்கா படியிலிருந்து, பார்க்கிற என் மடிமீதே குதித்துவிடுவாள் போல எழுந்து நின்றாள். புதியவற்றில் ஒன்றும் நடக்கவில்லை.

“பெரியப்பா, இது எழும்பவே இல்லையே?”

அவருக்கு அதில் பெருமை. “எழும்பாது. கண்ணு கேக்கற அளவுக்குத்தான் குடுத்திருக்கேன். நல்லா பாரு, கெட்டில் சுவத்துல இருந்து கொஞ்சமா விலகியிருக்கும். கொஞ்சமாத்தான். உங்க பெரியம்மாவுக்கு அதுவே போதும்.”

நல்லா பார்த்தேன். சுவரில் கெட்டில் வரைந்து வைத்த மாதிரி இருந்தது.

ஆனால் வலி போகவில்லை. ஒரு ஞாயிறு, பெரியம்மா பாதியிலேயே கூட்டை இறக்கிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். பெரியப்பா அட்டைகளைப் பெட்டியில் அடுக்கினார். அடுக்கி முடித்துவிட்டுச் சொன்னார்.

“வியாழக்கிழமை கண் ஆஸ்பத்திரிக்குப் போறோம். பேர் குடுத்தாச்சு. கேமரா, பலகை எல்லாத்தையும் எங்க போட்டோ கிளப் செயலாளர் கேட்டுக்கிட்டே இருந்தார். வர்ற ஞாயித்துக்கிழமை வந்து எடுத்துக்கச் சொல்லப்போறேன்.”

“எதுக்குங்க இப்போ?”

“போதும்மா. உன் தலையை உடைச்சு நான் ஒண்ணும் படம் எடுக்க வேணாம்.”

மறுநாள் பெரியம்மா முன்னறையில் ஒரு பேன்ட்டின் கால் மடிப்பைப் பிரித்துக்கொண்டிருந்தார். அந்த அறைதான் அவர் கடையும். தெருவில் உள்ளவர்கள் வாங்கிய துணி பெரிதாகப் போனாலும் உடம்பு பெரிதாகப் போனாலும் அவரிடம்தான் வருவார்கள். நான் தரையில் உட்கார்ந்து பொத்தான்களை நிறவாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தேன்.

“ஏண்டி, கண் ஆஸ்பத்திரில என்னவெல்லாம் பாப்பாங்க?”

“எழுத்து படிக்கச் சொல்வாங்க. ஒரு கண்ணை மூடிக்கிட்டு, அப்புறம் இன்னொண்ணை மூடிக்கிட்டு.”

“தனித்தனியாவா?”

“தனித்தனியாத்தான். ஏன்?”

அவர் நூலை இழுப்பதை நிறுத்தினார். “பள்ளிக்கூடத்துலயும் அப்படித்தான் பண்ணினாங்க. எனக்கு முன்னாடி நின்ன பிள்ளைங்க சொல்றதைக் கேட்டுக் கேட்டு மனப்பாடம் பண்ணிட்டேன். ஆஸ்பத்திரில வரிசையா நிக்க வெப்பாங்களா?”

“பெரியம்மா, என்ன விஷயம்?”

“எனக்கு வலக் கண்ணு பேருக்குத்தான்டி. வெளிச்சம் தெரியும், ஆள் வந்தா தெரியும். எழுத்து தெரியாது. ரெண்டும் சேராது. பொறந்ததுல இருந்தே அப்படித்தான் போல.”

பொத்தான் டப்பா என் மடியிலிருந்து சரிந்தது.

“பெரியப்பாவுக்குத் தெரியாதா?”

“தெரிஞ்சா அந்த மனுஷன் நாப்பதுல ஒண்ணு, அறுபதுல ஒண்ணுன்னு கணக்குப் போட்டுக்கிட்டு இருப்பாரா?” சிரிக்கத்தான் பார்த்தார். “எங்க அம்மா சொல்லித்தான் அனுப்பினாங்க. மாப்பிள்ளை கண்ணை வெச்சுப் பொழைக்கறவர், அவர்கிட்ட உன் கண்ணைப் பத்திப் பேச்செடுக்காதேன்னு. நானும் மெதுவா சொல்லிக்கலாம்னு இருந்தேன். கல்யாணமாகி முதல் ஞாயித்துக்கிழமையே அந்தப் பெட்டியைத் தூக்கிட்டு வந்துட்டார். அவரோட அக்காவும் வந்திருந்தாங்க. அவங்க பாத்துட்டு, ‘ஐயோ, தொடலாம் போல இருக்கே’ன்னாங்க. அடுத்து என் கையில குடுத்தார். ரெண்டு படம் தனித்தனியா ஆடுது, அப்புறம் ஒண்ணு காணாமப் போயிடுச்சு. எப்படி இருக்குன்னு கேக்கறார். மூஞ்சியைப் பாக்கணுமே அப்போ! தொடலாம் போல இருக்குன்னு சொல்லிட்டேன்.”

“சரி, அதுக்கு ஏன் தலைவலி? சும்மா கண்ணுல வெச்சிட்டு எடுத்திருக்கலாமே?”

“ஆசைதான். ஒரு தடவையாவது எனக்கும் தெரிஞ்சிடாதான்னு அந்தக் கண்ணைப் பிடிச்சு இழுப்பேன். உள்ளே கயிறு கட்டி இழுக்கற மாதிரி இருக்கும். ஒவ்வொரு வாரமும் இன்னிக்குத் தெரிஞ்சிடும்னு தோணும்.”

“இப்போ சொல்லிடுங்க பெரியம்மா.”

“என்னன்னு சொல்ல? இத்தனை வருஷமா நீங்க தட்டித் தட்டித் தட்டையாக்கினதெல்லாம் வீண்னா? அதைக் கேட்டா ஒடைஞ்சிடுவார். சொல்லலைன்னா கேமராவைத் தூக்கிக் குடுத்துடுவார்.” பேன்ட்டைப் புரட்டி மறுகாலை எடுத்தார். “ஞாயித்துக்கிழமை அவர் அட்டையைப் பாக்கறதில்லடி. பக்கத்துல உக்காந்து என் மூஞ்சியைப் பாப்பார், எப்போ சுளிக்கறேன்னு. எவ்வளவு நேரம்! இந்தத் தெருவுல எந்த வீட்ல ஒரு ஆம்பளை பொண்டாட்டி மூஞ்சியை அவ்வளவு நேரம் பாக்கறான், சொல்லு? அது போயிடும்.”

நான் சிதறிய பொத்தான்களைப் பொறுக்கினேன். வியாழக்கிழமை நானும் கூட வர வேண்டும் என்றார். சொட்டு மருந்து விட்டால் கிட்டத்தில் ஒன்றும் தெரியாதாம், பிடித்துக்கொள்ள ஆள் வேண்டுமாம். பெரியப்பா ஒருவர் போதாதா என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை.

கண் மருத்துவமனையில் பரிசோதனை நடக்கும் அறை நீளமானது. திரைச்சீலை போட்டுப் பிரித்த இருக்கைகள், ஒவ்வொன்றின் எதிரேயும் எழுத்துப் பலகை. பெரியம்மா உட்கார்ந்ததுமே தொலைவில் தெரிந்த எழுத்துகளை உதடசைத்துப் படிக்க ஆரம்பித்தார். பக்கத்து இருக்கையில் ஒரு சின்னப் பெண் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, எதிரே விரித்த புத்தகத்தின் மேல் காற்றைக் கிள்ளிவிட்டு வீலென்று கத்தினாள். “அம்மா, ஈ! அது மேல நிக்குது!”

எங்களிடம் வந்த பரிசோதகர் என் வயதுப் பெண். “சொல்லுங்கம்மா, என்ன தொந்தரவு?” என்று பெரியம்மாவைத்தான் கேட்டார். பதில் பெரியப்பாவிடமிருந்து வந்தது. நின்றுகொண்டே சொன்னார். இரட்டைப் படம், இடைவெளி, ஞாயிற்றுக்கிழமை, ஈரத்துணி. கேட்டுக்கொண்டிருந்த பெண், “அப்போ முதல்ல இதையே பாத்துடலாம்” என்று அந்தச் சின்னப் பெண்ணிடமிருந்து புத்தகத்தை வாங்கி வந்தார்.

பெரியம்மா என்னைப் பார்த்தார். எழுத்துப் பலகைக்குத் தயாராக வந்தவர்.

அந்த ஈ பெரியப்பாவுக்குப் பழக்கமானது. அலுவலகத்தில் கண் பரிசோதனை நடக்கும்போதெல்லாம் அதைக் கிள்ளியிருக்கிறார். பக்கம் முழுக்க ஒரே ஒரு பெரிய ஈ. கண்ணாடியைப் போட்டுக்கொண்டால் இரண்டு கண்ணும் சேர்ந்து பார்ப்பவர்களுக்கு அதன் இறக்கை தாளுக்கு மேலே எழுந்து நிற்கும். சேராதவர்களுக்கு அது தாளிலேயே கிடக்கும்.

“இறக்கையை ரெண்டு விரலால பிடிங்கம்மா, பாப்போம்.”

பெரியம்மா கையை நீட்டினார். பக்கத்து இருக்கையில் பார்த்ததுபோலவே காற்றைக் கிள்ளினார். ஆனால் சின்னப் பெண் கிள்ளிய உயரம் அவருக்கு எப்படித் தெரியும்? தன் முகவாய்க்கு எதிரே, எந்த இறக்கையும் போய்ச் சேராத இடத்தில் கிள்ளினார். கிள்ளிவிட்டு, “ஐயோ” என்றும் சொன்னார்.

பெரியப்பா அந்த இரண்டு விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்தேன். புரிந்தது வேறு.

“பாத்தீங்களா?” என்றார் பரிசோதகரிடம். குரல் தேய்ந்து வந்தது. “இறக்கை அங்க இல்ல. அவ்வளவு உயரத்துக்கு வராது. எனக்குத் தெரியும். இவளுக்கு ஆழமே கலைஞ்சு போச்சு. நான்தான் பண்ணினேன். வாராவாரம் உக்காத்தி வெச்சு... நல்லா இருந்த கண்ணை நான்தான் கெடுத்துட்டேன். இதைச் சரி பண்ண முடியுமா?”

பெரியம்மா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி மடித்துப் புத்தகத்தின் மேல் வைத்தார். பரிசோதகரைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை.

“என்னங்க, இங்க பாருங்க. எனக்கு எதுவும் எழும்பலை. இந்த ஈயும் எழும்பலை, நீங்க காட்டின எதுவும் எழும்பினதில்ல. இந்தக் கண்ணு சின்னதுல இருந்தே இப்படித்தான். நீங்க ஒண்ணும் கெடுக்கலை. கெடுக்கறதுக்கு அங்க எதுவும் இல்ல.”

அடுத்த இருக்கையில் சின்னப் பெண்ணின் அம்மா திரைச்சீலையை இழுத்து மூடினார்.

பரிசோதகர் பெண் நல்லவர். எதுவும் நடக்காததுபோலப் பெரியம்மாவின் இடக் கண்ணை மறைத்து, வலக் கண்ணை மறைத்து, சொட்டு விட்டு, உள்ளே விளக்கடித்துப் பார்த்தார். சின்ன வயதில் ஒரு கண் மங்கலாக இருந்தால் மூளை அதைக் கேட்பதை நிறுத்திவிடும் என்றும், அப்போதே பார்த்திருந்தால் சரிசெய்திருக்கலாம், இந்த வயதில் பெரிதாக எதிர்பார்க்க முடியாது என்றும் சொன்னார். இடக் கண் மிக நன்றாக இருந்தது. பிறகு பெரியப்பா பக்கம் திரும்பினார். “படம் பாத்து யாருக்கும் கண்ணு இப்படிப் போகாது சார். இழுத்துப் பிடிச்சுப் பாத்தா தலை வலிக்கும், அவ்வளவுதான். அவங்க அந்த முயற்சியை விட்டுட்டா வலியும் விட்டுடும்.”

பெரியப்பா நன்றி சொன்னார். படியிறங்கும்போது பெரியம்மாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். பேருந்தில் ஏறியதும் கையை விட்டுவிட்டு எங்களுக்கு முன்னால் உள்ள இருக்கையில் தனியாகப் போய் உட்கார்ந்தார்.

மூன்று நிறுத்தம் போலத் தாண்டியபின் திரும்பினார்.

“அப்போ, தொடலாம் போல இருக்குன்னியே?”

“அது உங்க அக்கா சொன்னது.”

“ஜன்னல் ரொம்பத் தள்ளிப் போயிடுச்சுன்னியே?”

“அது நீங்க சொன்னது. நான் திருப்பிச் சொன்னேன்.”

“கெட்டில் மட்டும் முன்னாடி வருதுன்னது? அதை நான் சொல்லலையே. எங்க அக்காவும் சொல்லலை.”

“கெட்டில் பெருசா இருந்துச்சு. பெருசா இருக்கறது முன்னாடிதானே இருக்கும்?”

பக்கத்தில் நின்றிருந்தவர் சிரிப்பை இருமலாக மாற்றினார். பெரியப்பா சிரிக்கவில்லை. “என்னை முட்டாளாக்கி வெச்சிருக்க” என்று மட்டும் சொன்னார்.

“ஆமாங்க” என்றார் பெரியம்மா. விரிந்துபோன கண்மணிகளோடு வெயிலைப் பார்க்க முடியாமல் என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

அன்றும் மறுநாளும் வீட்டில் கத்தரிக்கோல் சத்தம்தான் கேட்டது. பெரியப்பா அலுவலகம் போனார், வந்தார், சாப்பிட்டார். “உப்பு” என்றார், “போதும்” என்றார். சனிக்கிழமை காலையில் நான் கீழே வந்தபோது சமையலறையில் ஒரு காட்சி. அவர் வலக் கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு கோப்பையில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார். தேநீர் கோப்பைக்கு அப்பால் மேசையில் கொட்டிக்கொண்டிருந்தது. வாசலில் பெரியம்மா.

“கெட்டில் மூக்கைக் கோப்பை விளிம்புல முட்டிக்கணும். முட்டிட்டுச் சாய்ச்சா சிந்தாது.”

“நீ அப்படி ஊத்தறது சிக்கனத்துக்குன்னு நெனச்சேன். சொட்டு வீணாகக்கூடாதுன்னு.”

“அதுவும்தான்.”

அவர் மறுபடி முட்டி ஊற்றினார். சிந்தவில்லை. “படியிறங்கும்போது முதல் படியைக் காலால தட்டிப் பாப்பியே?”

“அதுவும் அதுக்குத்தான். வேற என்னன்னு நெனச்சீங்க?”

“தாளம் போடறேன்னு நெனச்சேன்” என்றார் பெரியப்பா. அவர் பொத்தியிருந்தது சரியான கண்தானா என்று அப்போதுதான் கேட்டார். வலதுதான் என்றதும் தலையாட்டினார்.

மத்தியானம் அட்டைப் பெட்டியைத் திறந்து எல்லாவற்றையும் தையல் மேசையில் பரப்பினார். மரக்கூட்டை எடுக்கவில்லை. வெறும் அட்டை.

“இங்க வா. ஒண்ணும் எழும்பலைன்னா, இவ்வளவு நேரமும் இதுல என்னதான் பாத்துக்கிட்டு இருந்த?”

பெரியம்மா உட்கார்ந்து, அக்கா படியில் நிற்கும் அட்டையை எடுத்து, வலது படத்தை உள்ளங்கையால் மூடினார். “இதைத்தான் பாத்தேன். இடது பக்கம் இருக்கறதை. நீங்க கேட்டா ஏதாவது சொல்லணுமே, அதனால ஒரு மூலை விடாம பாப்பேன். இவ செருப்பை மாத்திப் போட்டிருக்கா, பாத்தீங்களா?”

பெரியப்பா குனிந்தார். “இல்லையே... ஆமா.”

“இதோ, இந்தத் தெருவுல மேல் ஜன்னல்ல ஒரு அம்மா துணி உதறுறாங்க. அவங்களுக்கு நம்ம மேல கோபம். படம் எடுக்கறது பிடிக்கல. இதுல இந்தக் காலணில ஒண்ணுக்கு மட்டும் கயிறு வேற நிறம். இது, இது உங்க நிழல்.”

“எங்க?”

“கீழ் ஓரத்துல. ரெண்டு கேமராவையும் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு, கொம்பு முளைச்ச மாதிரி. நிறைய அட்டையில இருக்கு. இதுல பாருங்க, ரொம்ப ஒல்லியா இருக்கீங்க. காய்ச்சல் வந்து எழுந்த வருஷம். இதுல தொப்பை விழ ஆரம்பிச்சாச்சு.”

இத்தனை அட்டைகளை எடுத்து, ஒட்டி, பிரித்து, மறுபடி ஒட்டிய மனிதர் அவற்றில் தன் நிழல் இருப்பதை அறிந்திருக்கவில்லை. கூட்டில் கண்ணை வைத்ததும் அவருக்கு எது முன்னே, எது பின்னே என்பதில்தான் கவனம் போயிருக்கிறது. அவரும் கையை நீட்டினார். பெரியம்மாவின் கைமேல் கை வைத்து வலது படத்தை மூடிக்கொண்டு ஒவ்வொரு அட்டையாகத் தன் நிழலைத் தேடினார். நான் நூல் வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே போனேன். திரும்பி வந்தபோதும் பாதிப் பெட்டிதான் ஆகியிருந்தது.

ஞாயிறு காலையில் கிளப் செயலாளர் பெரிய பையோடு வந்துவிட்டார். பெரியப்பா வாசலிலேயே தண்டவாளப் பலகையை நீட்டினார்.

“கேமரா?”

“மன்னிக்கணும். கேமரா ரெண்டும் வேணும். இதை எடுத்துக்கோங்க.”

“இந்தப் பலகையை மட்டும் வெச்சு நான் என்ன சார் பண்ணுவேன்?”

“துணி காயப்போடலாம்” என்றார் உள்ளேயிருந்து பெரியம்மா. செயலாளர் அதை வாங்கிக்கொண்டுதான் போனார்.

பெரியப்பா பழைய பலகையை அலமாரியிலிருந்து இறக்கி, இரண்டு கேமராவையும் திருகினார். இடைவெளியை முப்பதில் ஒன்றாக வைத்துப் பார்த்தார். கொஞ்சம் யோசித்துவிட்டு இன்னும் அகற்றினார். “இனிமே நான் மட்டும்தானே நோகணும்?” என்றார். மூன்று பேரும் வெளியே கிளம்பினோம். அவருக்கு அசைகிறவை வேண்டியிருந்தன. பேருந்து, புறா, மழைத் தண்ணீரில் சைக்கிள் விடுகிறவன், யாருடைய கையிலிருந்தோ பறந்த தொப்பி. எங்கள் பெரியம்மா வேகமாக நடப்பார் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். முன்னால் போய்விட்டு, “என்னங்க, இதை எடுங்க, இதை எடுங்க” என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

இரண்டு வாரம் கழித்து அட்டைகள் வந்தன. பெரியம்மாவுக்கென்று இடது படங்களை மட்டும் பெரிதாகப் போட்டு வாங்கியிருந்தார். பெரியப்பா மரக்கூட்டைக் கண்ணில் வைத்துக்கொண்டார். பக்கத்து நாற்காலியில் பெரியம்மா படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“தெரு அப்படியே உள்ளே போகுது” என்றார் பெரியப்பா. “நாய் தண்ணிக்கு இந்தப் பக்கம் நிக்குது. சைக்கிள் அந்தப் பக்கம்.” நெற்றியைச் சுளித்தார். “கொஞ்சம் அதிகமாத்தான் அகட்டிட்டேன்.”

“வலிக்குதா?”

“கொஞ்சம்.”

“அப்போ எடுத்துட்டு மேய விடுங்க. நாய் எந்தப் பக்கம் நின்னா என்ன? அதோட பின்னங்காலைப் பாத்தீங்களா? தரையில வெக்கவே இல்ல.”

“ஓடப்போகுதும்மா. அதான் தூக்கியிருக்கு.”

“ஓடற நாய் மூஞ்சி இப்படியா இருக்கும்? முள்ளு குத்தியிருக்கு.”

பெரியப்பா கூட்டை இறக்கி வைத்துவிட்டு, பெரியம்மாவின் தோள்மேலாக எட்டி, அந்த நாயின் முகத்தை வெகுநேரம் பார்த்தார்.

“நாளைக்கு அந்தப் பக்கம் போய்ப் பாக்கலாமா?” என்றார்.